மூலை வெட்டிய அட்டைகள்

விரல் நுனியில் பசை காயுமுன் அடுத்த அட்டை வந்து அமர்ந்தது. மேலே இருப்பதன் அடிவிளிம்பு, கீழே இருப்பதன் மேல் மூலையை மூடவேண்டும். கொஞ்சம் விலகினாலும் அந்தக் கைகள் உரித்து, துடைத்து, மறுபடி ஒட்டின.

"என்ன கொறற்றி, ஓடு போடுறியா?" என்றான் ஒஸ்வால்ட். துறைமுகத்தில் பகல் வேலை முடிந்து, கொட்டாஞ்சேனை வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். "நல்லது. மழை வந்தாலும் உங்க டொக்டர் நனைய மாட்டாங்க."

"உங்க வேலையப் பாருங்க" என்றாள் மரியகொறற்றி. சிரிக்கவில்லை. ஏன் அப்படி ஒட்டுகிறாள் என்று கணவனுக்கும் அவள் சொல்லவில்லை.

பொரளைப் பக்கம் ஒரு சிறிய ஆய்வுப் பிரிவில் அவள் லிகிதர். டொக்டர் சரோஜினிதேவி மட்டக்குளி வீட்டுத் திட்டங்களில் கர்ப்பிணித் தாய்மாரின் இரத்தசோகையைப் பற்றி எழுதிய கட்டுரைகளை எல்லாம் தட்டச்சுச் செய்தவள் அவள்தான். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு கூட வேலைசெய்த பலர் வெளிநாடு போய்விட்டார்கள். டொக்டர் வெள்ளவத்தை வீட்டைப் பூட்டாமல் இருந்துவிட்டார். போன தடவை பேராசிரியர் பதவி கைநழுவியது. இந்தத் தடவை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

"எத்தினை கட்டுரை எழுதினது எண்டு மட்டும் கேக்கேல்லை, கொறற்றி. அதை ஆர் எடுத்தாண்டிருக்கினம் எண்டும் காட்டட்டாம். அதுகளைத் தொகுத்துப் போடுற பெரிய புத்தகங்களை லைப்ரரி வாங்கிறதை விட்டிட்டுது. எங்களிட்டை இருக்கிறது அந்த அட்டையள்தான். எல்லாம் பத்திரமா இருக்குத்தானே?"

"இருக்கு, டொக்டர்."

இருந்தன. கட்டுரையின் பிரதி கேட்டு லண்டனிலிருந்தும் நைரோபியிலிருந்தும் லீமாவிலிருந்தும் வரும் தபாலட்டைகள். பிரதியை அனுப்பியபின் அட்டையை எறியவேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். கொறற்றி ஒன்றையும் எறியவில்லை. முத்திரையை மட்டும் விளிம்பு விட்டு வெட்டி, மாதா கோயிலில் மிஷன் வேலைக்காகப் பழைய முத்திரை சேர்க்க வைத்திருந்த பெட்டியில் போட்டாள். எல்லோரும் உள்ளூர் முத்திரை போட, அவளுடைய உறையில் பறவையும் கப்பலும் அரசியும் இருந்தன. "கொறற்றியிட கைதான் கை" என்று சிஸ்டர் மற்றவர்கள் முன்னால் சொன்னபோது அவளுக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. அட்டையைத் திருப்பிப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. முத்திரை ஒட்டியிருந்த மூலையின் மறுபக்கத்தில்தான் கேட்டவரின் பல்கலைக்கழகமோ ஆஸ்பத்திரியோ அச்சாகியிருந்தது. கையெழுத்து மிஞ்சியது, ஆள் எங்கிருந்து கேட்டார் என்பது போய்விட்டது.

டொக்டர் கேட்டபின் எடுத்துப் பார்த்தபோதுதான் அது அவள் கண்ணில் பட்டது. அதனால்தான் ஓடு. முத்திரைக்குப் பதில் இயந்திரக் குறி விழுந்த அட்டைகள் முழுசாக இருந்தன. ஒவ்வொரு தாளிலும் அவற்றை உச்சியில் வைத்து, மற்றவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாகச் செருகினாள். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை மருதானைச் சந்தியில் இராணுவத்தினர் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்த இளம் சிப்பாய் அவளுடைய கோப்பைக் கேட்டான்.

"மொனவாத மே?" என்ன இதெல்லாம்?

டொக்டரின் கடிதங்கள் என்று சிங்களத்தில் சொன்னாள். அவன் தாளைப் புரட்டினான். ஓர் அட்டையின் அடியில் நகத்தைக் கொடுத்துத் தூக்கினான். வெட்டிய மூலை தெரிந்தது. அடுத்ததைத் தூக்கினான். அதிலும்.

"ஏய் மே கபலா?" ஏன் வெட்டியிருக்கிறது? வெளிநாட்டு விலாசங்களை வெட்டி, மேலே மூடி ஒட்டியிருக்கிறதே, யாரை மறைக்கிறாய், இந்த டொக்டர் யார், எந்த ஊர்?

"முத்தர, மாத்தயா" என்றாள். முத்திரைக்காக, ஐயா, கோயிலுக்காக. கழுத்திலிருந்த சிலுவையைப் பார்த்தானோ, பின்னால் ஹோர்ன் அடித்த லொறிக்காரனுக்குப் பயந்தானோ, கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

பஸ்ஸில் இருக்கை கிடைத்தும் அவள் உட்காரவில்லை. அந்தப் பையன் கேட்டது டொக்டரின் ஊரை. நேர்முகத்தில் இருப்பவர்களுக்கும் நகம் உண்டு. அவர்கள் தூக்கிப் பார்த்தால் கொறற்றியைக் கூப்பிட்டா கேட்பார்கள்? மூலையை வெட்டியதைவிட அதை மூடியது பெரிய பிழை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அலுவலகத்தின் பின்னறையில் ஈரத்துணியால் ஒவ்வோர் அட்டையையும் நனைத்து உரித்தாள். மை கலையாமல் உரிக்க நெடுநேரம் பிடித்தது. முழு அட்டைகளும் கையெழுத்தின் கீழே இடம் தெரிந்தவையும் முதலில், தெரியாதவை தனியாகப் பின்னால். முதல் கட்டு மெலிந்துபோயிற்று. வெட்டிய அட்டைகள் எல்லாம் மூலையில்லாமல் வெளிச்சமாகக் கிடந்தன. பிறகு ஒரு தாளை மெஷினில் செருகி, மூலைகளை வெட்டியது தானென்றும், டொக்டருக்கு அது தெரியாதென்றும், பின்கட்டைக் கணக்கில் சேர்க்கவேண்டாமென்றும் ஆங்கிலத்தில் தட்டி, முழுப்பெயரையும் எழுதிக் கையொப்பமிட்டாள். அதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள்.

டொக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வந்தார். "முடிஞ்சுதோ? கார் வந்திட்டுது." பிறகு கோப்பின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த ஓர் அட்டையைக் கண்டார். "இதென்ன, எலி கடிச்சிட்டுதே?"

"எலி இல்ல, டொக்டர். நான்தான்." கொறற்றிக்கு நிமிர முடியவில்லை. "கார்ல போகேக்க மேல இருக்கிற தாள வாசிங்க. அத மட்டும் எடுத்துடாதீங்க."

கோப்பின் நாடாவை இரண்டு முடிச்சாகக் கட்டி, இரு கைகளாலும் நீட்டினாள். டொக்டர் வாங்கிக்கொண்டார்.