கழுவாத கல்

சண்டை முடிந்தபின் நான் வேலை தேடிப் போகாத ஊர் குறைவு. மன்னாரில் வீதி வேலை, வவுனியாவில் அரிசி ஆலை, எத்தாளையில் ஒரு மீன்பண்ணை. எதிலும் நிலைக்கவில்லை. கடைசியில் தலவிலவில் அக்காவின் வீட்டில் வந்து ஒதுங்கினேன். மச்சான் கடலுக்குப் போவார். அவர் உழைப்பில் நான் சாப்பிட்டேன்.

சும்மா இருக்க வெட்கமாக இருந்ததால், வீட்டுக்குப் பின்னால் மணலில் குழி தோண்டி, தண்ணீர் வடியாமல் படங்கு விரித்து ஒரு குளம் கட்டினேன். பண்ணையில் கண்டதுதான். சின்ன மோட்டர் குளத்துத் தண்ணீரை ஒரு பிளாஸ்டிக் பரலுக்கு ஏற்றும். பரலுக்குள் முருகைக்கல்லும் தேங்காய்த் தும்பும். அதிலிருந்து வழியும் தண்ணீர் கங்குன் கீரை நட்ட ஓடையால் குளத்துக்குத் திரும்பும். தண்ணீர் தெளிந்து நின்றது. அக்கா தங்கமீன் வாங்கி விட்டாள். மச்சான்கூடக் கடலால் வந்ததும் அங்கேதான் போய்க் குந்துவார். அந்த வீட்டில் நான் தின்ற சோற்றுக்கு அது ஒன்றுதான் பதில்.

ஊர்த் தேவாலயத் திருநாள் நெருங்கியது. வீட்டுக்கு வெள்ளை அடித்து, கதிரை, அலுமாரி எல்லாம் வெளியே எடுத்துக் கழுவுவது வழக்கம். நான் கூலிக்குத் தோட்டத்தில் வெங்காயம் கிண்டப் போன நாளில், அக்கா பரலையும் கவிழ்த்துவிட்டாள். கல்லையெல்லாம் சவர்க்காரம் போட்டு உரஞ்சி, வெயிலில் காயவைத்து அடுக்கியிருந்தாள். மச்சான் வீட்டார் வரும்போது என் வேலையைக் குறை சொல்லக் கூடாதாம்.

சில நாளில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. இரண்டு செத்து மிதந்தன.

"கல்லில பிடிச்சிருந்த வழுவழுப்புத்தானக்கா மீன்ட ஊத்தையத் தின்னுறது."

"அத நீ எனக்குச் சொன்னியாடா?"

சொல்லவில்லை. எனக்கு மட்டும் தெரிந்தது ஒன்று இருக்கட்டும் என்று வைத்திருந்தேன்.

அந்த வழுவழுப்புப் புதிதாய்ப் பிடிக்க வாரக்கணக்காகும். ஊறிய கல் இருப்பது எத்தாளைப் பண்ணையில். சொல்லாமல் விட்டுவந்த இடம். வேறு வழியில்லாமல் போனேன். முதலாளியை நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"அல்லாஹ்வே, நீ உசிரோட இருக்கியா? டீ குடிச்சிட்டு வாறன் எண்டு போனவன்!"

நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். "கொஞ்சம் கல்லு வேணும் நானா. கழுவாத கல்லு."

"சம்பளம் கேட்டு வந்திருக்காங்க, மீன் கேட்டு வந்திருக்காங்க. ஊத்த கேட்டு வந்தவன் நீ ஒருத்தன்தான்டா."

சிரித்தபடி அவரே ஈரச் சாக்கில் அள்ளிப் போட்டார். "காய விடாத. தண்ணியக் கொஞ்சங் கொஞ்சமா மாத்து. இப்பைக்குத் தீன் போடாத."

பஸ் முழுக்கத் திருநாள் சனம். என் சாக்கு ஒழுகி நாறியது. பக்கத்தில் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு அம்மா காலைத் தூக்கிக்கொண்டார்.

"என்ன தம்பி, மீனா?"

"ஓம்." கல் என்று சொல்ல வாய் வரவில்லை.

"எப்ப பிடிச்சது ராசா, போன திருநாளுக்கா?"

பஸ்ஸே சிரித்தது.

கல்லைப் பரலில் போட்ட பிறகும் சில மீன் செத்தன. பிறகு சாவு நின்றது. திருநாளன்று வந்த மச்சானின் தாய் பரலுக்குள் எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்தினார்.

"சீ, என்ன ஊத்த! இதக் கழுவ இந்த வீட்டில ஆள் இல்லையா?"

அக்கா குறுக்கே போய் நின்றாள். "தொடாதீங்க மாமி. அதுதான் தண்ணிய நல்லா வச்சிருக்கிறது. தம்பிதான் எனக்குச் சொல்லித் தந்தவன்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய், யாருக்கும் தேவைப்படாத தண்ணீரை அள்ளத் தொடங்கினேன்.