பெரியப்பாகிட்ட இரு

மலேசியாவின் ஜாசின் வட்டாரத்தில் நாகமுத்துவைப் போலச் சொன்ன சொல் கேட்கிற மனிதரைப் பார்ப்பது அரிது. அவருடைய ஐம்பத்து மூன்று வருட வாழ்க்கையை யாராவது எழுதப் புகுந்தால், அவராக எடுத்த முடிவு என்று ஒரு பத்திகூடத் தேறாது. பள்ளிக்கூடம் போதும் என்று அப்பா சொன்னார், நின்றுவிட்டார். லோரியை எடு என்று முதலாளி சொன்னார், எடுத்தார். பாக்கியலட்சுமியைக் கட்டிக்கொள் என்று பெரியவர்கள் சொன்னார்கள், கட்டிக்கொண்டார். தோட்டத்தை விற்றாகிவிட்டது, லயத்து வீட்டைக் காலி செய் என்று மேனேஜர் சொன்னபோது மற்றவர்களெல்லாம் கொடி பிடித்தார்கள். நாகமுத்து கோழிக்கூண்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

இப்போது தாமான் என்கிற புதுக் குடியிருப்பில் ஒரு வரிசை வீடு. பகலெல்லாம் செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப்போகும் லோரி. மகள் மலர்விழி கல்யாணமாகி ஜொகூருக்குப் போய்விட்டாள். காலியான அறையில் தம்பி ஹரிதாஸ் மனைவி தேவமலரோடு வந்து குடியேறினான்.

தேவமலருக்கு மலாக்கா டவுனில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. சண்டை போட வருகிறவரை மலாயில் சமாதானப்படுத்தி, சீனத்தில் உட்காரவைத்து, ஆங்கிலத்தில் திருப்பி அனுப்பிவிடக்கூடியவள். அப்படிப்பட்டவளுக்கு வீட்டுக்குள் வந்ததும் ஒரே ஓர் ஆளிடம் மட்டும் வாய் அடைத்துவிடும். கணவனுக்கு மூத்தவனோடு தம்பி மனைவி முகம் பார்த்துப் பேசக் கூடாது என்பது பாக்கியலட்சுமி தன் மாமியாரிடமிருந்து பத்திரமாக வாங்கிவைத்திருந்த சட்டம். மற்ற சட்டங்களெல்லாம் தோட்டத்தோடு போய்விட்டன. இது ஒன்று எப்படியோ லோரியில் ஏறித் தாமானுக்கு வந்துவிட்டது.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசாமல் எப்படி? ஆரம்பத்தில் பூனை வழியாகப் பேசினார்கள். "பூனை, பெரியவருக்குச் சாப்பாடு மேசையில இருக்கு" என்பாள் தேவமலர். "கோப்பிக்குச் சீனி கொறவு, பூனை" என்பார் நாகமுத்து, கூரையைப் பார்த்தபடி. அந்தப் பூனைக்கு ரோட் டேக்ஸ் முடிகிற மாதம்கூடத் தெரிந்திருந்தது.

தர்ஷன் பிறந்ததும் பூனைக்குப் பதவி போயிற்று. பேச்சு வருவதற்கு முன்பே பிள்ளை தூதனாகிவிட்டான்.

"தர்ஷா, பெரியப்பாக்குக் கோப்பி வேணுமான்னு கேளு."

"வேணுமாம்னு சொல்லுய்யா."

பிள்ளை கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். அது போதும். சேதி போய்ச் சேர்ந்தது. நான்கு வருடத்தில் ஒன்றுகூடத் தவறியதில்லை. இந்த ஏற்பாட்டில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. நன்றாக ஓடுகிற வண்டியின் பானட்டை யார் திறந்து பார்க்கிறார்கள்?

பள்ளி விடுமுறையில் குடும்பமாகப் போர்ட்டிக்சனுக்குப் போனார்கள். நீச்சல் குளம் வைத்த ஹோம்ஸ்டே. கடலுக்குப் பக்கத்தில் வீடு எடுத்துவிட்டு யாரும் கடலுக்குப் போவதில்லை, குளத்தில்தான் கிடப்பார்கள். கூடவே ரசப்பொடி, ஊறுகாய், ரைஸ் குக்கர் எல்லாம் போயின. உல்லாசப் பயணத்திலும் ரசம் இல்லாமல் கோழி இறங்காது என்பது பாக்கியலட்சுமியின் கொள்கை.

சாயங்காலம். பின்கட்டில் நாகமுத்து கரி மூட்டிக்கொண்டிருந்தார். ஹரிதாஸ் ஐஸ் வாங்கப் போயிருந்தான். கூட வந்திருந்த உறவுக்காரப் பெரிய பிள்ளைகள் அப்போதுதான் குளத்திலிருந்து ஏறி, குளத்து வேலிக் கதவை ஆட விட்டுவிட்டு டிவி பார்க்க ஓடியிருந்தார்கள். தேவமலர் பிள்ளையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

"மலரு! புளி கரைச்சுக் குடு, வா!" என்று குசினியிலிருந்து பாக்கியலட்சுமியின் குரல்.

தேவமலர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். "தர்ஷா, அம்மா உள்ள போறேன். பெரியப்பாகிட்ட இரு."

நாகமுத்து கரியைப் பார்த்துக்கொண்டே "ம்" என்றார்.

அவள் உள்ளே போனாள். கடலிலிருந்து காற்று வந்தது. "என்னாங்க, தீ அணையப் போவுது, பாருங்க!" என்று அதே குசினி சன்னலிலிருந்து இரண்டாவது உத்தரவு வந்தது. இது பிள்ளை வழியாக வரவில்லை, நேராக வந்தது, சத்தமாகவும் வந்தது. நாகமுத்து திரும்பிக் காற்றுக்கு முதுகு காட்டி நின்று அட்டையால் விசிறினார். தீ பிடித்துக்கொண்டது. திரும்பினார். பக்கத்தில் பிள்ளை இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. அந்தக் குளம் பெரியவர்களுக்கு இடுப்பளவுதான்.

பெரியவர் ஒருவர் செத்தால் நம் ஆட்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. கூடாரம் போட வேண்டும், பண்டாரத்தைப் பிடிக்க வேண்டும், பதினாறாம் நாளுக்கு எத்தனை பேர் என்று கணக்குப் போட வேண்டும். துக்கத்துக்கு எங்கிருந்து நேரம் கிடைக்கும்? சின்னப் பிள்ளைக்கு அப்படி இல்லை. எரிப்பதில்லை, புதைப்பதுதான். காரியமும் பெரிதாகக் கிடையாது. மண்ணைத் தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தால் துக்கம் மட்டும் இருந்தது, வேலை இல்லை. வேலை இல்லாமல் உட்கார அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது. ஆகவே, யார் காரணம் என்று கண்டுபிடிக்கும் வேலையை எடுத்துக்கொண்டார்கள்.

விசாரணைக்குப் பாக்கியலட்சுமியின் அண்ணன் சுகுமாரன் தலைமை ஏற்றார். கோயில் கமிட்டித் தலைவர், மைக் இல்லாத இடத்திலும் மைக் பிடித்த மாதிரி பேசுகிறவர். முதலில் ஹோம்ஸ்டேக்காரனை எடுத்தார்கள். கோர்ட்டு வரைக்கும் போக வேண்டியிருக்கும் என்றதும் வைத்துவிட்டார்கள். பிறகு அம்மனுக்கு நேர்ந்துகொண்டு இன்னும் இறக்காத முடி. நேர்ந்தது பாக்கியலட்சுமி, எனவே அதுவும் நீளவில்லை. புறப்பட்ட நேரம் ராகுகாலம் என்று யாரோ ஆரம்பித்தார்கள். நேரம் பார்த்துக் கொடுத்தது தலைவர் என்பதால் அது பரிசீலனைக்கே வரவில்லை. இப்படி ஒவ்வொருவராகக் கழிந்துபோக, கடைசியில் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்த ஓர் ஆள் மிச்சம்.

"தப்பா நெனைக்காத மலரு. ஒரு தெளிவுக்குத்தான் கேக்குறேன்" என்றார் சுகுமாரன். "உள்ள போறப்ப யார்கிட்ட சொல்லிட்டுப் போன?"

"தர்ஷன்கிட்ட."

கூடத்தில் ஒரு சத்தம் எழுந்தது.

"பிள்ளையப் பாத்துக்கச் சொல்லி பிள்ளைகிட்டயே சொன்னியா?"

"பெரியப்பாகிட்ட இருன்னு சொன்னேன்."

"அதத்தாம்மா சொல்றேன். நாலு வயசுப் பையன் கேட்டு நடப்பானா? பெரியவங்க யார்கிட்டயாச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா."

மூத்தவரைக் கை நீட்டி, 'இவர் காதில் விழுந்தது' என்று சபையில் சொல்வதற்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. தேவமலர் அவர் இருந்த பக்கம் திரும்பவும் இல்லை.

நாகமுத்து வாசலோரம் கோப்பிக் கிளாசைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். யாராவது 'உனக்குக் கேட்டதா?' என்று கேட்டால் சொல்லிவிடத் தயாராக இருந்தார். அது சத்தியம். ஆனால் யாரும் கேட்கவில்லை. சொன்னதை மட்டுமே செய்து பழகிய மனிதருக்கு, சொல்லாத ஒன்றைச் செய்ய எந்தக் காலை முதலில் ஊன்றுவது என்று தெரியவில்லை. கோப்பி ஆறியது. அதற்குள் பேச்சு வேறு பக்கம் ஓடி, புளி கரைக்கப் போனவள் போன் பேசப் போனவளாக மாறியிருந்தாள். கூப்பிட்ட பாக்கியலட்சுமிகூட அதை மறுக்கவில்லை.

தீர்ப்பு மென்மையாகவே வந்தது. தேவமலர் புலாவ் செபாங்கில் தன் அம்மா வீட்டில் 'கொஞ்ச நாள்' இருக்கட்டும். அப்படிக் கொஞ்ச நாளுக்குப் போன மருமகள்கள் திரும்பி வந்த கதையை ஜாசினில் யாரும் கேட்டதில்லை. ஹரிதாஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாப்ள, நீங்களே கொண்டுபோய் விட்டுருங்க" என்றார் சுகுமாரன். நாகமுத்து வழக்கம்போல "ம்" என்றார்.

மறுநாள் காலை காரில் புறப்பட்டார்கள். பாக்கியலட்சுமி முன்னால் உட்கார்ந்தாள். பின்னால் தேவமலர், அவளுக்குப் பக்கத்தில் பிள்ளை நாற்காலி. அதைக் கழற்ற வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் கழற்றவில்லை. அதன் மடிப்பில் பிஸ்கட் தூள் இருந்தது.

பாக்கியலட்சுமி பேசிக்கொண்டே வந்தாள். அம்மா வீட்டில் சாப்பாடு ஒழுங்காகச் சாப்பிட வேண்டும், அழக் கூடாது, எல்லாம் நல்லதுக்குத்தான். வேலையாளைச் சொந்த ஊருக்குச் சம்பளத்தோடு விடுமுறையில் அனுப்பிவைக்கிற மாதிரி இருந்தது. நாகமுத்து சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று மிதித்தார். டுரியான் துங்காலைத் தாண்டி, வளைவில் ஒரு லோரியை முந்தினார்.

"தர்ஷா, பெரியப்பாவ மெதுவா போகச் சொல்லு."

நாகமுத்துவின் கால் தானாகப் பிரேக்குக்குப் போயிற்று. "ம்" என்றார்.

கார் மெதுவானது. அவர் முந்திய லோரி ஹாரன் அடித்துக்கொண்டு திரும்ப முந்திப் போனது. பின்னால் தேவமலர் வாயைப் பொத்திக்கொண்டாள். பழக்கம். பிள்ளை போய்விட்டான், வாய்க்கு இன்னும் அது தெரியவில்லை.

பாக்கியலட்சுமி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். நேற்று முழுக்கக் கூடிப் பேசிய விசாரணைக்கு எட்டாதது அவளுக்கு அந்த ஒரு 'ம்'மில் எட்டிவிட்டது.

"என்னாங்க," என்றாள். "அன்னைக்கும் இப்படித்தான் சொன்னாளா?"

நாகமுத்து காரை ஓரம் கட்டினார். கடைசியில் ஒருவர் கேட்டுவிட்டார்.

"ஆமா."

"நீங்க?"

"இப்படித்தான் 'ம்'னு சொன்னேன்."

"ஐயோ. நாந்தானே அவள உள்ள கூப்பிட்டேன். நாந்தானே தீயப் பாக்கச் சொன்னேன்…" பாக்கியலட்சுமியின் பேச்சு முதல் தடவையாக நடுவில் நின்றது.

நாகமுத்து கண்ணாடியில் பார்த்தார். தம்பி மனைவிக்கு இடது புருவத்தில் ஒரு தழும்பு இருப்பது அன்றுதான் தெரிந்தது. "எனக்குக் கேட்டுச்சும்மா," என்றார் நேராக. "நேத்து சொல்லியிருக்கணும். நான் சொல்லுவேன்னு நீ காத்துக்கிட்டிருந்த."

"வீட்டுக்குத் திருப்புங்க," என்றாள் தேவமலர். "எல்லாரும் இருக்கறப்பச் சொல்லுங்க."

அத்தனை வருடத்தில் அவள் அவரிடம் நேராகப் பேசியது அதுதான் முதல். அதுவும் ஓர் உத்தரவு. நாகமுத்துவுக்கு அது சௌகரியமாக இருந்தது. காரைத் திருப்பினார்.

கூடத்தில் எல்லாரும் இன்னும் இருந்தார்கள். வேறெங்கே போவார்கள்? நாகமுத்து நின்றுகொண்டே சொல்லி முடித்தார். சுகுமாரன் தாடையைத் தடவினார். பிறகு மிகுந்த கனிவோடு தோளில் கை வைத்தார்.

"விதி மாப்ள. காத்து அடிச்சா மனுசன் தீயத்தானே பாப்பான்? யாரையும் குத்தம் சொல்ல முடியாது லா."

"நேத்து விதிக்கு லீவா மச்சான்?" என்றார் நாகமுத்து. அவர் வாயிலிருந்து அப்படியொன்று வந்ததில் அவருக்கே ஆச்சரியம்.

ஹரிதாஸ் எழுந்து வந்தான். "கேட்டுச்சாண்ணே?"

"கேட்டுச்சுடா."

"நேத்து அவளப் போட்டு அந்தக் கேள்வி கேட்டாங்களே. அப்பவும் கேட்டுச்சா?"

"அப்பவும்."

இந்த இரண்டாவது பதில்தான் நாகமுத்துவுக்கு நாக்கில் கனத்தது. தீயின் பக்கம் திரும்பியது யாருக்கும் நேரக்கூடியது. அதை விதி என்றால் சுகுமாரனோடு சண்டையில்லை. ஆனால் கோப்பிக் கிளாசை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, அங்கே காற்றும் இல்லை, தீயும் இல்லை. அவர் மட்டும்தான் இருந்தார்.

ஹரிதாஸ் வெளியே போனான். காரின் பின்கதவைத் திறந்து மனைவியின் பையை எடுத்து வந்து அறைக்குள் வைத்தான். அன்றிலிருந்து அண்ணனோடு பேசுவதை நிறுத்திவிட்டான்.

மாதங்கள் ஓடிவிட்டன. நாகமுத்து லோரி ஓட்டுகிறார். பாக்கியலட்சுமி ரசத்துக்குப் புளியைத் தானே கரைத்துக்கொள்கிறாள். சட்டம் எப்போது ரத்தானது என்று யாரும் அறிவிக்கவில்லை, ஆனால் ரத்தாகிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை நாகமுத்து கார் போர்ச்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே மேசை போடும் சத்தம் கேட்டது. "மலரு, அண்ணனச் சாப்பிட வரச் சொல்லு" என்றான் ஹரிதாஸ். அத்தனை மாதத்தில் அவன் அனுப்பிய முதல் சேதி.

தேவமலர் வாசலுக்கு வந்து அவர் முகத்தைப் பார்த்து நின்றாள். "சாப்பிடக் கூப்பிடுறாரு."

நாகமுத்து தலையாட்டினார். "இதோ வரேன்னு சொல்லும்மா."

"என்கிட்ட சொல்லாதீங்க," என்றாள் அவள். "அவருகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க."

நாகமுத்து எழுந்து உள்ளே போனார்.