இன்னும் இரண்டு மணித்தியாலம்

என் மகன் சரக்கு விமானம் ஓட்டுகிறவன். எந்த நாளில் எந்த நாட்டில் இருப்பான் என்று அவனுக்கே தெரியாது. தாய் வருத்தம் கடுமையாகிப் படுக்கையில் கிடக்கிறாள் என்று அறிந்து, இருபத்திமூன்று நாளுக்குப் பிறகு திருகோணமலையில் எங்கள் வீட்டுக்கு வந்தான். பதினொரு மணித்தியாலம் பறந்துவிட்டு, கொழும்பிலிருந்து ஏழு மணித்தியாலம் பஸ்சில் வந்திருந்தான். தாய் நித்திரையாக இருந்தாள்.

"எட்டு மணித்தியாலம் படுக்கிறன் அப்பா. எந்த நேரமும் வேலைக்குக் கூப்பிடுவாங்கள்," என்று காலை ஏழு மணிக்குப் படுத்தான். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் விழித்துவிடுவான் என்று ஜன்னலைச் சாத்தினேன்.

ஒரு மணிக்கு மனைவி கண் திறந்தாள்.

"பிள்ளை வந்திட்டானோ? ஒருக்கா எழுப்புங்கோவன்."

"ஆறு மணித்தியாலம்தான் படுத்தவன். இன்னும் ரெண்டு கிடக்கு. அரை நித்திரையோட பிளேன் ஓட்ட ஏலாது."

"உங்கட கணக்கும் நீங்களும்!" என்று சிரித்தாள். "சரி, படுக்கட்டும்."

இரண்டு இருபதுக்கு அவள் மூச்சு நின்றது. அதற்குப் பிறகுதான் அவனை எழுப்பினேன்.

"அம்மா என்னைக் கேட்டவவோ?" என்றான்.

"இல்லை. நித்திரையிலேயே போயிட்டா."

நான்காம் நாள் அழைப்பு வந்தது, போனான். இப்போதும் வீட்டுக்கு வரும்போதெல்லாம், "நல்ல காலம், அம்மா நித்திரையில போனா," என்கிறான். நான் ஓம் என்கிறேன். எழுப்பியிருந்தால் அவன் இழந்திருக்கக்கூடியது இரண்டு மணித்தியால நித்திரை மட்டுமே. அவள் கேட்டதை அவனிடம் சொல்ல எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.