சுதர்ஷினி போர்மட் அடிக்காத டிஸ்க்

லிந்துலை டவுன்ல சுதர்ஷினியோட கடைக்குக் கெட்டுப்போன கம்ப்யூட்டரைக் கொண்டுபோனா, "எத்தனை நாளாகும்?"னு நீங்க கேட்கிறதுக்குள்ள அவ கேட்டுடுவா: "எப்படிங்க நின்னுச்சு? அப்ப என்ன செஞ்சுக்கிட்டிருந்தீங்க?" அம்மா தேயிலைக் கொழுந்து பறிச்சுப் படிக்க வச்ச புள்ள. கொழும்புல ரெண்டு வருசம் ஒரு ரிப்பேர் கடையில வேலை பார்த்தா. அங்க எது வந்தாலும் ஒரே மருந்து, எல்லாத்தையும் அழிச்சுடுற போர்மட். ஏன் கெட்டுச்சுன்னு யாருமே பார்க்கல. அது பொறுக்காமத்தான் ஊருக்கு வந்து தனியா கடை போட்டா.

போன புதன்கிழமை காலையில பிள்ளைமடுவத்துல புள்ளைங்களப் பார்த்துக்கிற டோரீன் மிஸ் பழைய கம்ப்யூட்டர் ஒண்ணைத் தூக்கிட்டு வந்தாங்க. பின்னாலேயே அந்தத் தோட்டத்து வேலாயி அக்கா, கொழுந்து பறிக்க மலைக்குப் போகாம.

"இடி இடிச்சுச்சு புள்ள, மெயினை இழுத்துட்டேன்"னாங்க வேலாயி.

தோட்டத்து ஆளுங்க வரிசையாக் குடியிருக்கிற லயம் முழுக்க ஒரே மெயின் சுவிட்ச். மொத இடி கேட்டதும் கிட்ட இருக்கிறவங்க ஓடிப்போய் இழுத்துடுறதுதான் வழக்கம். பிள்ளைமடுவத்துக்கும் கரண்ட் அங்கருந்துதான். உள்ள மிஸ் ஃபைல் சேவ் பண்ணிக்கிட்டிருந்தது வேலாயிக்கு எப்படித் தெரியும்?

பிறப்புச் சான்றிதழ் இல்லாத அறுபத்தொரு பேரோட பழைய துண்டுகளை, பொறந்தப்ப எழுதிக்குடுத்த சீட்டுகளை, மிஸ் அந்தக் கம்ப்யூட்டர்லதான் ஸ்கேன் பண்ணி வச்சிருந்தாங்க. வேலாயியோட தோட்ட ஆஸ்பத்திரித் துண்டு அதுக்கப்புறம் கூரை ஒழுகிக் கூழாப் போச்சு. ஸ்கேன் மட்டும்தான் மிச்சம். கொப்பி இருந்தாலும் போதும்னு பிறப்புப் பதியிற ஒப்பீசர் சொல்லியிருந்தாரு. ஆனா அவங்க தோட்டத்துக்கே வந்து பதியிற நடமாடும் சேவை மறுநாளே!

"இன்னொரு கடையில போர்மட் அடிக்கணும்னாங்க," மிஸ் குரல் இறங்கிடுச்சு.

"அவங்க கெடக்காங்க மிஸ்." சுதர்ஷினி மொதல்ல டிஸ்க்கை அப்படியே இன்னொண்ணுக்குக் கொப்பி எடுத்தா. அசலைத் தொடல. அப்புறம் வேலாயி பக்கம் திரும்பினா.

"அக்கா, லெட்டரெல்லாம் தோட்டத்து ஒப்பீசுக்குத்தானே வரும்? ஒப்பீசு பூட்டிக் கெடந்தா லயத்துல ஆளே இல்லைன்னு ஆகுமா?"

"அதெப்படி?"

"டிஸ்க்கோட ஆரம்பத்துலயும் ஒரு ஒப்பீசு இருக்கு. எது எங்க இருக்குன்னு அங்கருந்துதான் தேடணும். அது மட்டும்தான் கெட்டிருக்கு. இதுல இருக்கிறது லினக்ஸ். அந்த ஒப்பீசோட கொப்பிங்களை டிஸ்க்ல தள்ளித் தள்ளி வச்சிருப்பாங்க. பக்கத்துலயே வச்சா எல்லாம் ஒண்ணாப் போயிடும்ல?"

என்ன ஒரு யோசனை பாருங்க!

மொத கொப்பி 32768-ஆவது கட்டத்துல. அந்த நம்பரை அடிச்சுப் பார்த்தா. அதுவும் கெட்டிருந்துச்சு. வேலாயி முந்தானையை வாயில வச்சுக்கிட்டாங்க. அடுத்தது 98304. ஸ்க்ரீன்ல வரி வரியா ஓட ஆரம்பிச்சுச்சு.

ஃபைலுங்க வந்துச்சு. ஆனா பாதிக்குப் பேரே இல்ல, வெறும் நம்பர். மிஸ் ஒவ்வொண்ணாத் திறந்தாங்க. செல்லசாமி. அம்மாக்கண்ணு. பாதிப் படம் வெறும் சாம்பல் நிறமா வந்த ஒண்ணு. திறக்கவே மாட்டேன்னது மூணு.

"நிறுத்துங்க மிஸ்!" வேலாயி எழுந்துட்டாங்க. "அந்த மூலையில கருகியிருக்குல்ல? எங்கம்மா குப்பி வெளக்குகிட்ட வச்சுப் பார்க்கையில சுட்டது."

கையெழுத்து, சீல், தேதி எல்லாம் தெளிவா இருந்துச்சு. பிரிண்ட் எடுத்தாங்க.

வியாழக்கிழமை சுதர்ஷினி மிஸ்ஸோட கம்ப்யூட்டருக்குப் புது டிஸ்க்கை ரெண்டாப் பிரிச்சுக்கிட்டிருந்தா. சிஸ்டம் ஒரு பக்கம், துண்டுங்க இன்னொரு பக்கம். சிஸ்டம் படுத்தாலும் அதை மட்டும் புதுசாப் போட்டுக்கலாம். அப்ப போன் அடிச்சுச்சு.

"ஃபாரத்தை எடுத்துக்கிட்டாங்க புள்ள!" வேலாயி கத்தினாங்க. "நாப்பத்தொரு வருசம் கழிச்சு நான் பொறந்துட்டேன்!"