பாதியில் நின்ற கல்யாண வீடியோ

மகளின் கல்யாண வீடியோவை ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வைக்கலாம் என்று உட்கார்ந்தால், பாதி காப்பி ஆனதும் கனெக்‌ஷன் போய்விடும். டிஸ்க்கில் இடம் தாராளமாக இருந்தது. வயரை மாற்றினேன். மகளுடைய லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். அங்கேயும் அதே கதை.

தி.நகர் கடைக்காரர் கையில் வாங்கி ஒரு திருப்பு திருப்பிவிட்டு, "டிஸ்க் போயிடுச்சும்மா, புதுசு வாங்கிக்குங்க" என்றார். கூட வந்த என் கணவரும் தலையாட்டினார். எனக்கு வந்ததே கோபம்! சரியாகப் பார்க்கக்கூட இல்லை, அதற்குள் போய்விட்டதாம்.

மயிலாப்பூர் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும், வயர் செருகுகிற ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. பல்குத்தும் குச்சியால் சுரண்டி முகர்ந்தேன். சந்தனம்! ஆயுத பூஜையன்று ஃபிரிட்ஜ், மிக்ஸி, ஸ்கூட்டர் என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்த என் வீட்டுக்காரர், டிஸ்க்கையும் விடவில்லை. அதுவும் சரியாக அந்த ஓட்டையின் மேலேயே வைத்திருக்கிறார்.

பொறுமையாகச் சுரண்டி, பழைய டூத் பிரஷ்ஷால் துடைத்து, வயரைச் செருகினேன். வீடியோ முழுசாக ஏறியது. "பார்த்தீங்களா!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர் ஃபிளாட் மாமி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு என் கணவர் சந்தனக் கிண்ணத்தோடு மேசைப் பக்கம் வந்தார். டிஸ்க்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நெற்றியைக் காட்டினேன்.

"எனக்கு வைங்க. இந்த வீட்டுல ஆயுதம் நான்தான்."