ஐஸ் லோரிக்காரர் போட்ட சத்தம்

வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான், தம்புசாமி துக்கத்துக்குக் கிளம்பும்போது வீரம்மா போட்ட ஒரே கட்டளை. நாற்பது வருஷக் குடித்தனத்தில் அவள் அந்தக் கட்டளையைப் போடாத நாள் குறைவு. ஆனால் அன்றைக்கு அவள் குரலில் கண்டிப்பைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது.

"சாவு வீடுங்க. அங்க போய் அந்த வார்த்தைய மட்டும் சொல்லிடாதீங்க."

"எனக்குத் தெரியாதா லா?"

"உங்க சிநேகிதருக்குத் தெரியலையே!"

"சரி, போயிட்டு வரேன்."

வீரம்மா வழக்கம்போல "ம்" கொட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

சிநேகிதர் என்று அவள் சொன்னது பிரிக்ஃபீல்ட்ஸ் திருச்செல்வத்தை. பழைய கூடைப்பந்து வீரர் ஆ ஹுவாட் இறந்துபோன செய்தி வந்ததிலிருந்து, ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவர் ஒரே பிடியாக நின்றார். எல்லோரும் பண்டமாரானிலுள்ள சாவு வீட்டுக்குப் போக வேண்டும். சவப்பெட்டிக்கு முன்னால் தம்புசாமி கடைசியாக ஒருமுறை தன் சத்தத்தைப் போட வேண்டும். அதை அவர் வீடியோ எடுப்பார். சீன ரசிகர்களும் கட்டைவிரல் படங்களாகப் போட்டுத் தள்ளியிருந்தார்கள்.

அந்தச் சத்தம் பிறந்த கதை வேடிக்கையானது. தம்புசாமி வாலிபத்தில் கிள்ளானில் ஐஸ் லோரி ஓட்டினார். பண்டமாரான் திடலோரத்துத் தண்ணிக்கடைக்கு ஐஸ் இறக்கப் போனவர், ஒரு சாயங்காலம் ஆட்டம் பார்க்க நின்றுவிட்டார். விளையாட்டின் விதி ஒன்றும் தெரியாது. ஒல்லியாய், நெட்டையாய் ஒரு பையன் கூடைக்கு அடியிலேயே வந்து, கடைசி நேரத்தில் பந்தைக் கோட்டைவிட்டான். அணி தோற்றது. சுற்றி நின்ற சனம் ஹொக்கியன் சீனத்தில் அவனைக் காய்ச்சி எடுத்தது. பையன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியேறினான். தம்புசாமிக்கு மனசு கேட்கவில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல், வாசலில் யாரை வழியனுப்பினாலும் சொல்வதையே தொண்டை கிழியக் கத்திவிட்டார்.

"போயிட்டு வாடா தம்பி!"

அடுத்த தடவை ஐஸ் இறக்கும்போது பையனே லோரியைத் தேடி வந்து, அன்றைக்கு என்ன சொன்னாய் என்று மலாயில் கேட்டான். எங்கள் ஆட்கள் வெறுமனே 'போறேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்ப மாட்டோம் என்று தம்புசாமி விளக்கினார். 'போயிட்டு வரேன்' என்போம், இருப்பவர் 'போயிட்டு வா' என்பார், துக்க வீட்டில் மட்டும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிடுவோம். பையன் ஐஸ் துண்டு ஒன்றை வாயில் அதக்கிக்கொண்டே அதைச் சொல்லிப் பழகினான்.

அந்தப் பையன்தான் ஆ ஹுவாட். பிறகு அவர் சிலாங்கூர் மாநிலத்துக்கு ஆடினார், நாட்டுக்கு ஆடினார், பத்திரிகையில் படம் வந்தது. ஜெயித்தாலும் தோற்றாலும் தம்புசாமியின் சத்தம் வரும்வரை திடலைவிட்டு வெளியேற மாட்டார். வந்ததும் கையை உயர்த்தி "போய்ட் வரே!" என்பார். தமிழைக் கடித்துத் துப்பிய மாதிரி இருக்கும். கூட்டம் கைதட்டும். அதில் பாதி தனக்குத்தான் என்று ஐஸ் லோரிக்காரருக்கு ஒரு நினைப்பு. முழங்கால் கெட்டு ஆட்டத்தை நிறுத்திய பிறகும், பாசாரில் பார்த்தால் அதே சத்தம், அதே பதில். மீன் வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

இனிமேல் சத்தம் போட்டால் பதில் வராது. வீரம்மா சாஸ்திரத்துக்குப் பயந்தாள் என்றால், தம்புசாமி பயந்தது அந்த மௌனத்துக்கு.

பண்டமாரானில் தெருவை அடைத்துக் கூடாரம் போட்டிருந்தார்கள். ரசிகர்கள் ஊதுபத்தி கொளுத்திக் கும்பிட்டுவிட்டு ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். திருச்செல்வம் போனைத் தயாராக வைத்துக்கொண்டு முழங்கையால் இடித்தார்.

"போடுங்க லா அண்ணே. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

தம்புசாமி மேசையிலிருந்த கச்சான் கடலையை உரித்தார். உரித்தாரே தவிர ஒன்றையும் வாயில் போடவில்லை.

அப்போதுதான் ஆ ஹுவாட்டின் மனைவி சியூ லான் அந்த மேசைக்கு வந்தார். நேராகத் தம்புசாமியிடம் நின்று மலாயில் கேட்டார்.

"பாசார்ல சத்தம் போடுற அங்கிள் நீங்கதானே? அவர் பதிலுக்கு ஒண்ணு சொல்வாரே, அதுக்கு என்ன அர்த்தம்?"

தம்புசாமி கையிலிருந்த கடலையைக் கீழே வைத்தார்.

"வீட்டைவிட்டுக் கிளம்பும்போதெல்லாம் என்கிட்டயும் அதைத்தான் சொல்வார். பந்தாடுறவங்க பேச்சுன்னு நெனச்சு நானும் ஓகே லான்னு சொல்லிடுவேன். அன்னைக்கு ஆம்புலன்ஸ்ல ஏத்தினப்பவும் சொன்னார். நான் அவரோட அடையாளக் கார்டைத் தேடிக்கிட்டு இருந்தேன். ஓகேகூடச் சொல்லல."

திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமலே போனவரின் மனைவியிடம் அதை எந்த வாயால் சொல்வது? சும்மா ஒரு வணக்கம்தான் என்று சொல்லிவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அழுது அழுது வீங்கியிருந்த அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்லத் தம்புசாமிக்கு மனம் வரவில்லை.

"போயிட்டுத் திரும்பி வரேன்னு அர்த்தம், மேடம்."

சியூ லான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். திருச்செல்வம் போனைச் சட்டைப் பையில் போட்டார்.

"அதுக்கு என்ன பதில் சொல்லணும்?"

"போயிட்டு வான்னு சொல்லணும். ஆனா துக்க வீட்டுல நாங்க சொல்ல மாட்டோம் மேடம்."

"எங்க ஆளுங்களும் சொல்ல மாட்டாங்க. ஆனா அவர் சொல்லிட்டுத்தானே போனார், அங்கிள்? நான்தான் இன்னும் பதில் சொல்லல. மெதுவா சொல்லிக் குடுங்க."

தம்புசாமி சொல்லிக் கொடுத்தார். ஐஸ் லோரியில் சாய்ந்துகொண்டு அந்தப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரியே, பிரித்துப் பிரித்து. சியூ லான் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போய், பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"போய்ட் வா."

அதே கடித்துத் துப்பிய தமிழ். மேசையிலிருந்த ஒருவர் பதறி எழுந்தார். தம்புசாமி அவர் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, யார் பார்த்தால் என்ன என்று விம்மி அழுதார்.

கிளம்பும்போது யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

வீட்டு வாசலில் வீரம்மா வாளித் தண்ணீரோடு நின்றாள். "சத்தம் போட்டீங்களா?"

"இல்ல. அந்தம்மா சொன்னாங்க. அவங்க வீட்டுக்காரர் ஆம்புலன்ஸ்ல போறப்ப 'போயிட்டு வரேன்'னு சொன்னாராம், அவங்களால பதில் சொல்ல முடியலையாம்."

சாஸ்திரம் பேசுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் தண்ணீரை எடுத்து அவர் காலில் ஊற்றினாள்.

மறுநாள் காலை ரொட்டி வாங்கக் கிளம்பிய தம்புசாமி, பழக்க தோஷத்தில் "போயிட்டு வரேன்" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். வீரம்மா அடுப்பை அணைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்வரை வந்தாள்.

"போயிட்டு வாங்க," என்றாள்.