ரொட்டிக்கு வைத்த பாட்டில்

மதுவிலக்கு இருந்த அந்தக் காலத்தில், புளித்து நுரை விடுவதெல்லாம் சாராயம் என்று நம்பிய மடையன் நான். கிறிஸ்துமஸ் ரொட்டிக்காக என் மனைவி மேரி, உருளைக்கிழங்கு வெந்த தண்ணீரில் சர்க்கரையும் பழைய ஈஸ்ட்டும் கலந்து, பாட்டிலில் அடைத்து, அடுப்போரம் வைத்திருந்தாள். கொடைக்கானல் குளிரில் அது புளிக்காதாம். அதனால் என் மப்ளரை அதற்குச் சுற்றியிருந்தாள். நடுங்கிக்கொண்டிருந்தது நான்.

திடீரென்று 'டப்'பென்று கார்க் தெறித்துக் கூரையில் மோதியது. வீடெல்லாம் புளித்த நெடி. அந்த நேரம் பார்த்து வாசலில் பக்கத்து வீட்டுப் போலீஸ்காரரின் குரல்:

"சார், உள்ள இருக்கீங்களா?"

வேலை போச்சு, மானம் போச்சு, இனி ஜெயில்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். நெடியை அமுக்க, அடுப்பில் கொதித்த வெந்நீரைத் தூக்கிப் பாட்டிலுக்குள் கடகடவென்று ஊற்றினேன்.

"ஐயோ, என்னங்க பண்றீங்க? சுடுதண்ணி பட்டா ஈஸ்ட் செத்துப்போகும்ங்க!" மேரி தலையில் அடித்துக்கொண்டாள்.

"கத்தாத. மோப்பம் பிடிச்சு வந்துட்டாரு."

"அவரு வருவாருன்னு காலையிலயே சொன்னேனே. எதைத்தான் காதுல வாங்குனீங்க?"

போலீஸ்காரர் கையில் காலி டம்ளரோடு உள்ளே வந்தார். மூச்சை நன்றாக இழுத்தார்.

"ஆகா, நல்லாப் பொங்கிருச்சு போலயே! எங்க வீட்ல மாவு சலிச்சு வச்சுட்டுக் காத்துக் கெடக்காங்க. ஒரு டம்ளர் வெரசா ஊத்துங்கம்மா."

மேரி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"நீங்களே சொல்லுங்க அவருகிட்ட," என்றாள்.

சொன்னேன். சலித்த மாவை வீணாக்க முடியாதே. அந்தக் கிறிஸ்துமஸுக்கு இரண்டு வீட்டிலும் சப்பாத்திதான்.